லிம்போ: இருட்டையே புதிராக்கிய ஒரு கேம்

2010 ஜூலை 21 அன்று எக்ஸ்பாக்ஸ் 360-இன் ஆன்லைன் கடையில் 15 டாலர் விலையில் ஒரு சின்ன கேம் வந்தது. பெயர் லிம்போ. ஒரே மாலையில் முடித்துவிடக்கூடிய நீளம். சாவகாசமாக ஆடினாலும் மூன்று நான்கு மணி நேரம்தான். கறுப்பு, வெள்ளை, நடுவில் சாம்பல். வேறு நிறமே கிடையாது. வசனம் இல்லை. எந்தப் பட்டனை எதற்கு அழுத்துவது என்று சொல்லித்தர ஒரு வரிகூடத் திரையில் வராது. ஸ்கோர், மிச்சமிருக்கும் உயிர், வரைபடம் எதுவும் இல்லை.

காட்டில், புல்தரையில் ஒரு சிறுவன் படுத்திருக்கிறான். ஏதாவது ஒரு பட்டனைத் தட்டினால் கண் திறக்கிறான்: இருட்டில் இரண்டு வெள்ளைப் புள்ளிகள். எழுந்து வலப்பக்கம் நடக்கிறான். கொஞ்ச தூரத்திலேயே செத்துப்போகிறான். மறுபடி எழுந்து நடக்கிறான். கேம் முழுக்க இதுதான் நடக்கிறது. தங்கையைத் தேடிப் போகிறான் என்ற விவரம்கூட விளம்பரக் குறிப்பில் இருந்ததே தவிர கேமுக்குள் யாரும் சொல்வதில்லை.

இத்தனை 'இல்லை'களை அடுக்கிய ஒரு கேமுக்கு, விமர்சகர்களின் மதிப்பெண்களைத் திரட்டிச் சராசரி போடும் மெட்டாகிரிட்டிக் தளத்தில் 100-க்கு 90. அடுத்த ஆண்டு பிளேஸ்டேஷன் 3, கம்ப்யூட்டர், அப்புறம் மொபைல், 2018-இல் நின்டெண்டோ ஸ்விட்ச் என்று ஒரு கருவியிலிருந்து இன்னொரு கருவிக்கு அது போய்க்கொண்டே இருந்தது. அதில் அப்படி என்னதான் இருக்கிறது?

ஆடியவர்களைக் கேட்டால் பெரும்பாலும் இரண்டு பதில் வரும். ஒன்று, சூழல் பிரமாதம். இன்னொன்று, பஸில் கஷ்டம், ஆனால் நியாயமான கஷ்டம். படத்துக்கு ஒரு மார்க், பஸிலுக்கு ஒரு மார்க் என்று தனித்தனியாகப் போடுகிற இந்தப் பழக்கம் லிம்போ விஷயத்தில் தப்பான வழி என்று நினைக்கிறேன். இந்தக் கேமின் நல்ல கட்டங்களில் இருட்டுதான் புதிர், பயம்தான் துப்பு. அவை ஒன்றாக இருக்கும் வரை கேம் பிடித்து இழுக்கிறது. பிரிந்த இடங்களில் தொய்கிறது. அதைக் கட்டம் கட்டமாகப் பார்ப்பதுதான் இந்த ஆய்வு. கதை முடிவு உட்பட எல்லாம் வெளிப்படும். இன்னும் ஆடாதவர்கள் ஆடிவிட்டு வரலாம்.

மூன்று நிபந்தனைகள்

லிம்போவை உருவாக்கிய ஆர்ன்ட் ஜென்சன் டென்மார்க்கின் ஐஓ இன்டராக்டிவ் என்ற கேம் நிறுவனத்தில் ஓவியராக இருந்தவர். 2004 வாக்கில், வேலை அலுத்திருந்த காலத்தில், மங்கலான ஒரு 'ரகசிய இடத்தை' வரைந்து பார்த்திருக்கிறார். அதிலிருந்து ஒரு கேம் செய்யலாம் என்று தோன்ற, தானே புரோகிராம் எழுதிப் பார்த்து, அது கைகூடாமல், 2006-இல் ஒரு சின்ன டிரெய்லர் செய்து இணையத்தில் விட்டார். ஒரு புரோகிராமர் கிடைத்தால் போதும் என்பதுதான் நோக்கம். டிரெய்லர் எதிர்பார்த்ததற்கு மேல் பரவியது. அந்த வழியில் வந்தவர் டினோ பாட்டி. இருவரும் சேர்ந்து கோபன்ஹேகனில் பிளேடெட் ஸ்டுடியோவைத் தொடங்கினார்கள். ஆரம்பத்தில் டென்மார்க் அரசின் மானியமும் வட ஐரோப்பிய நாடுகளின் கேம்களுக்கு உதவும் நார்டிக் கேம் புரோகிராமின் நிதியும் கைகொடுத்தன. குழு பெரியதல்ல, எட்டுப் பேர் வரை, வெளியாட்கள் சேரும்போது அதன் இரண்டு மடங்கு.

ஜென்சன் தொடக்கத்திலேயே மூன்று விஷயங்களை முடிவு செய்துவிட்டார். குறிப்பிட்ட ஒரு மனநிலையும் ஓவியப் பாணியும் வேண்டும். இடம் வலம் நகர்வதைத் தவிர குதிப்பதும் பிடிப்பதும் மட்டுமே கன்ட்ரோல். சொல்லித்தரும் எழுத்து எதுவும் திரையில் வரக்கூடாது.

முதலாவது அழகு சம்பந்தப்பட்டது, மற்ற இரண்டும் ஆட்டம் சம்பந்தப்பட்டவை என்று தோன்றலாம். மூன்றையும் ஒரே மேசையில் வைத்து ஒரே சமயத்தில் முடிவு செய்ததுதான் விஷயம். எழுத்து இல்லை என்றால் ஆடுகிறவர் படத்தைத்தான் படிக்க வேண்டும். படமோ பாதி மறைந்திருக்கிறது. கையில் இருப்பது இரண்டே பட்டன். ஆக, 'எந்த பட்டன்' என்ற கேள்வி தீர்ந்துபோய், 'இங்கே என்ன இருக்கிறது' என்ற கேள்வி மட்டும் மிஞ்சுகிறது. பட்டன்கள் கூடக்கூட மூளை விரலுக்குப் போய்விடும். குறைந்தால் கண்ணுக்கும் காதுக்கும் வந்து சேரும்.

2010 தொடக்கத்தில், கேம் வெளிவருவதற்கு முன்பே, பெரிய நிறுவனங்களைச் சாராத கேம்களுக்கான இண்டிபென்டன்ட் கேம்ஸ் ஃபெஸ்டிவலில் காட்சிக் கலைக்கு ஒன்று, தொழில்நுட்பத்துக்கு ஒன்று என்று இரண்டு விருதுகள் கிடைத்தன.

சிலந்திக் கட்டம்

லிம்போவை ஆடிய யாரும் மறக்காத கட்டம் இது. கேமின் மொத்தத் திட்டமும் இதற்குள் இருப்பதால் இங்கே கொஞ்சம் நிதானமாகப் போகலாம்.

காட்டுக்குள் நடந்துகொண்டிருக்கும்போது ஒரு மரத்தை ஒட்டி நீண்ட கறுப்புக் கோடுகள் தெரிகின்றன. கிளைகள் என்றே முதலில் படும். இந்தக் காட்டில் எல்லாமே கறுப்புக் கோடுதானே. கிட்டே போனால் ஒரு கோடு மெல்ல மேலே எழும்புகிறது. எழும்பி, ஒரு கணம் நின்று, சிறுவனின் உடம்பில் இறங்குகிறது. அது சிலந்தியின் கால். ஒரு காலே அவனைவிடப் பல மடங்கு உயரம்.

அடுத்த முறை ஓடிப் பார்க்கிறோம். சாவு. தாண்டிக் குதித்துப் பார்க்கிறோம். சாவு. பிறகு எல்லாரும் செய்வதை நாமும் செய்கிறோம்: எட்டும் எட்டாத தூரத்தில் நின்று சிலந்தியைச் சீண்டி, கால் இறங்கும்போது பின்னால் தாவுகிறோம். கால் தரையில் குத்துகிறது, நிலம் அதிர்கிறது. மறுபடியும் அதேபோல். இடப்பக்கம் எங்கோ, திரைக்கு வெளியே, இரும்பு ஒன்று பொத்தென்று விழும் சத்தம் கேட்கிறது.

அதுதான் விடை. திரும்பி நடந்துபோய்ப் பார்த்தால் மரத்தில் தொங்கிக்கொண்டிருந்த ஒரு கரடிப்பொறி தரையில் கிடக்கிறது. இழுத்து வந்து, சிலந்தியின் கால் இறங்கும் இடத்தில் வைத்து, நாம் பின்வாங்க வேண்டும். கால் இறங்குகிறது, பொறி மூடுகிறது, கால் துண்டாகிறது. இதையே திரும்பச் செய்தால் அது பின்வாங்கி ஓடுகிறது.

இந்தக் கட்டம் முதலில் இப்படி இல்லை. பொறியையும் சிலந்தியையும் ஒரே திரையில் தெரியும்படி வைத்திருந்தார்கள். சோதித்துப் பார்க்க வந்தவர்களின் கவனமெல்லாம் பொறி மேலேயே போயிற்று என்று டினோ பாட்டி சொல்லியிருக்கிறார். அதனால் பொறியைத் திரைக்கு வெளியே ஒரு மரத்தில் தொங்கவிட்டு, சிலந்தியின் குத்தே அதை விழச்செய்யும்படி மாற்றினார்கள். விழும் சத்தத்தைத் துப்பாக வைத்தார்கள்.

இந்த ஒரு மாற்றத்துக்குள் லிம்போ முழுக்க அடங்கியிருக்கிறது என்றே சொல்வேன். பழைய அமைப்பில் சிலந்தி ஒரு கணக்கு, பொறி அதன் விடை. கண்ணில் பட்டதும் கை அதற்குப் போகும், பயப்பட நேரமே இருக்காது. புதிய அமைப்பில் கையில் ஒன்றுமே இல்லாமல் அதன் முன்னால் நிற்க வேண்டியிருக்கிறது. வேறு வழி தெரியாமல் சீண்டுகிறோம். அந்த வெட்டிச் சீண்டலே பொறியை விழவைக்கிறது. திகைப்பும் தீர்வும் ஒரே செயலிலிருந்து வருகின்றன. படத்தை எவ்வளவு அழகாக வரைந்தாலும் இது கிடைத்திருக்காது. பஸிலை எவ்வளவு புத்திசாலித்தனமாகக் கட்டினாலும் கிடைத்திருக்காது.

இன்னொன்று: சில நிமிடங்களுக்கு முன்னால்தான் இதே மாதிரிக் கரடிப்பொறி புல்லுக்குள் கிடந்து சிறுவனின் தலையைத் துண்டித்தது. அதன் உருவத்தை அந்தச் சாவில்தான் மனப்பாடம் செய்தோம். இப்போது அதுவே ஆயுதம். கொஞ்சம் கழித்து, ஒரே காலோடு கிடக்கும் சிலந்தியின் கடைசிக் காலையும் பிடுங்கி, அதன் உடம்பை உருட்டிக்கொண்டு போய் முள்குழிக்குள் தள்ளி, அதன் மேல் ஏறித் தாண்ட வேண்டும். பயமுறுத்தியது எதுவோ அதுவே அடுத்த படிக்கல். தண்ணீரில் மிதக்கும் பிள்ளைகளின் சடலங்கள் மேல் கால் வைத்துக் கடக்கும் கட்டமும் உண்டு. வேறு வழியில்லை என்று புரியும்போது வரும் கூச்சத்தையும் கேம் கணக்கில் வைத்திருக்கிறது.

சாவின் விலை

'பரிசோதனையும் சாவும்' என்ற பொருளில் பிளேடெட் தன் பாணிக்கு ஒரு பெயர் வைத்திருந்தது. செத்துத்தான் கற்க வேண்டும். அப்படியென்றால் எரிச்சல் வராதா?

பழைய கேம்களில் வந்தது. 1989-இல் வந்த பிரின்ஸ் ஆஃப் பெர்ஷியாவில் மொத்தக் கதைக்கும் ஒரு மணி நேரக் கெடு. செத்தால் அந்த லெவலின் தொடக்கத்துக்குப் போக வேண்டும், கடிகாரம் மட்டும் நிற்காது. எரிக் ஷாயி ஏறக்குறையத் தனியாளாகவே செய்து 1991-இல் வெளியிட்ட அனதர் வேர்ல்டுதான் லிம்போவுக்கு நேரான முன்னோர்: திரையில் எண்கள் இல்லை, விளக்கம் இல்லை, தொட்டதற்கெல்லாம் சாவு. அதிலும் ஒரு சாவு என்றால் ஏற்கெனவே கடந்ததை மறுபடி கடக்க வேண்டியிருந்தது. ஆர்வமாக ஏதாவது செய்துபார்க்க நினைப்பவருக்கு அது அபராதம்.

லிம்போ அந்த அபராதத்தை எடுத்துவிட்டது. செத்தால் திரை ஒரு கணம் இருள்கிறது, பொறிக்கு நாலடி முன்னால் சிறுவன் நிற்கிறான். உயிர்க்கணக்கு இல்லை, 'கேம் ஓவர்' இல்லை. ஆடுகிறவருக்குச் சாவு கிட்டத்தட்ட இலவசம்.

ஆனால் கண்ணுக்கு இலவசம் இல்லை. ரம்பத்தில் சிக்கினால் துண்டாகிறான். தண்ணீரில் விழுந்தால் கொஞ்ச நேரம் துடித்து அடங்குகிறான். அவனுக்கு நீந்தத் தெரியாது. எப்படிச் செத்தாலும் அந்த இரண்டு வெள்ளைப் புள்ளிகள் அணைகின்றன. கோரத்தைக் காட்டாமல் சாகும் கணத்தில் திரையை இருட்டாக்கிவிடும் வசதியும் கேமின் செட்டிங்ஸில் இருக்கிறது. அதைப் போட்டு ஆடினால் ஏனோ இன்னும் மோசமாக இருக்கிறது. மிச்சத்தைக் காது கற்பனை செய்துகொள்கிறது.

கைக்கு மலிவு, கண்ணுக்குக் கனம். இந்த இடைவெளிதான் கேமை ஓட்டுகிறது. 2010 அக்டோபரில் வந்த சூப்பர் மீட் பாய் இதற்கு நல்ல எதிர்ச்சாட்சி. அங்கேயும் செத்த உடனே உயிர். லிம்போவைவிடப் பல மடங்கு கடினம். லெவலை முடித்ததும் நாம் செத்த அத்தனை முயற்சியையும் ஒன்றாக ஓட்டிக்காட்டிச் சிரிக்கவைக்கும். அங்கே சாவு நகைச்சுவை, அதனால் பயம் என்ற பேச்சே இல்லை. தப்பு என்று சொல்லவில்லை, அது வேறு ஆட்டம். லிம்போவில் மூடிய பொறி சிறுவனுக்குச் சாவு, நமக்கு ஒரு தகவல். இரண்டையும் ஒரே சமயத்தில் உணர்கிறோம். அவனைக் கொன்று கற்றுக்கொண்டோம் என்ற சின்ன உறுத்தலோடு அடுத்த அடி வைக்கிறோம்.

நியாயமா என்றால், எப்போதும் இல்லை. மேலிருந்து நசுக்கும் இரண்டு பாளங்கள் அடுத்தடுத்து வரும் ஒரு இடம் இருக்கிறது. முதலாவதில் தரையில் மேடாக இருக்கும் தகட்டை மிதித்தால் பாளம் விழும். செத்துக் கற்றுக்கொண்டு அதைத் தாண்டிக் குதிக்கிறோம். அடுத்து அச்சு அசலாக அதே அமைப்பு. அதே மாதிரி தகட்டைத் தாண்டிக் குதித்தால் அங்கே சாவு. இங்கே தகடுதான் பாதுகாப்பான இடம், சுற்றியுள்ள தரைதான் விசை. முதல் முறை யாருக்கும் தப்பிக்க வழியில்லை. வடிவமைப்பு விதி எதை எடுத்தாலும் இது குற்றம். ஆனாலும் சிரிப்பு வருகிறது. சொல்லித்தந்த பாடத்தை நாம் நம்பிவிட்டோம் என்பதை எதிரில் இருப்பவன் பார்த்துவிட்டான். பஸில்களை முதலில் ஆடுகிறவரைப் பகையாளியாக நினைத்து முடிந்தவரை வஞ்சகமாகக் கட்டி, பிறகு நண்பராக நினைத்துக் குறிப்புகள் சேர்த்து இளக்கினோம் என்று அந்த ஸ்டுடியோ சொன்னதுண்டு. இந்த ஒரு இடத்தில் மட்டும் இரண்டாவது வேலையை வேண்டுமென்றே செய்யாமல் விட்டார்கள் போலிருக்கிறது.

காதுக்கு விட்ட வேலை

ஒலியமைப்பு மார்ட்டின் ஸ்டிக் ஆண்டர்சன். ஒலி எங்கிருந்து வருகிறது என்று காட்டாமல் ஒலியை மட்டும் கேட்கவைக்கும் மின்னொலி இசையில் பயிற்சி பெற்றவர். பழைய கம்பிப் பதிவுக் கருவிகள், டேப் ரெக்கார்டர்கள் வழியாக ஒலிகளை ஓட்டி, தேய்த்து, மங்கவைத்துப் பயன்படுத்தியிருக்கிறார். 'இப்போது பயப்படு', 'இப்போது அழு' என்று சொல்லித்தரும் பின்னணி இசை கேமில் இல்லை. காற்று, இலை, தூரத்து இரும்பு, சிறுவனின் காலடி. சில இடங்களில் ஒரு முழக்கம் எழும்பும்; அது இசையா அங்கிருக்கும் இயந்திரமா என்று பிரிக்க முடியாது.

சிலந்திக் கட்டத்தில் பொறி விழும் சத்தம் காதில் விழுந்தது இந்த மௌனத்தால்தான். பின்னணியில் வயலின் கதறிக்கொண்டிருந்தால் அந்தத் துப்பு போயே போயிருக்கும். ஹெட்ஃபோன் போட்டு ஆடுங்கள் என்று பலரும் சொல்வது ரசனைக்காக மட்டும் இல்லை, விடையில் பாதி அங்கேதான் இருக்கிறது.

வண்ணம் அடித்துப் பார்த்தால்

இருட்டும் பஸிலும் ஒன்றுதான் என்ற வாதத்தைச் சோதிக்க எளிய வழி ஒன்று உண்டு. ஒவ்வொரு கட்டத்துக்கும் மனதுக்குள் வண்ணம் அடித்துப் பாருங்கள். பட்டப்பகல், பச்சைப் புல், துருப்பிடித்த பழுப்பில் பொறி. பஸில் மிஞ்சுகிறதா?

புல்லுக்குள் கிடக்கும் கரடிப்பொறி: மிஞ்சாது. பொறி தெரிந்துவிடும், தாண்டிப் போய்விடலாம். சிலந்தியின் முதல் கால்: மிஞ்சாது. கிளை என்று ஏமாற முடியாது. அந்த நசுக்கும் பாளங்கள்: பாதி. கேமின் முதல் பாதி, அதாவது காடும் அதில் பொறி வைத்துக் காத்திருக்கும் பிள்ளைகளும் வரும் பகுதி, ஏறக்குறைய முழுக்க இந்தச் சோதனையில் காணாமல் போகிறது. கறுப்பைக் கழித்தால் ஆட்டமும் கழிந்துவிடுகிறது.

இரண்டாம் பாதியில் காடு போய்த் தொழிற்சாலை வருகிறது. பற்சக்கரம், காந்தம், ரம்பம், ஈர்ப்பு விசையைத் தலைகீழாக்கும் கருவிகள், தானியங்கித் துப்பாக்கி. பிள்ளைகளும் இல்லை, சிலந்தியும் இல்லை. இங்கே வண்ணம் அடித்துப் பார்த்தால் ஒன்றும் குறையாது. ஈர்ப்பு மாறும்போது பெட்டி எங்கே விழும் என்ற கணக்கை இளஞ்சிவப்புப் பின்னணியிலும் போடலாம். பஸில்கள் மோசமில்லை, சில மிகவும் சாமர்த்தியமானவை. ஆனால் அவற்றைத் தீர்க்கும்போது நாம் காட்டில் நின்ற அதே ஆள் இல்லை. பதுங்கிப் பார்ப்பதை விட்டுவிட்டு நேரம் கணக்கிட ஆரம்பித்திருக்கிறோம். சாவுகளும் கண் ஏமாந்ததால் வருவதில்லை, விரல் அரை நொடி பிந்தியதால் வருகின்றன. வெளிவந்த நாளிலிருந்து இந்தக் கேமைப் பற்றிச் சொல்லப்படும் குறைகளில் ஒன்று விலைக்குத் தகுந்த நீளம் இல்லை என்பது. எனக்கு அது பெரிதாகப் படவில்லை. பின்பாதி காட்டைவிட்டு வெளியேறியதுதான் குறை.

விதிவிலக்கு மூளைப்புழு. மேலேயிருந்து வெள்ளையாக மின்னும் ஒரு புழு சிறுவனின் தலையில் விழுந்து ஒட்டிக்கொள்கிறது. அதற்கப்புறம் அவன் ஒரே திசையில்தான் நடப்பான். நாம் நிறுத்தவும் முடியாது, திருப்பவும் முடியாது. வெளிச்சக் கற்றைக்குள் போனால் மட்டும் புழு அவனை எதிர்த்திசைக்குத் திருப்பிவிடும். கையிலிருந்த கொஞ்சநஞ்சக் கன்ட்ரோலிலும் பாதி போயிற்று. குதிக்கலாம், பிடிக்கலாம், அவ்வளவுதான். கடைசியில் கூரையில் தொங்கும் ஏதோ ஒரு ஜந்து அதைக் கொத்தித் தின்னும்போதுதான் விடுதலை. இந்தக் கேமில் நமக்குத் துணை என்று இருப்பது வெளிச்சம் ஒன்றுதான். அதையே புழுவின் கடிவாளமாக மாற்றியது எவ்வளவு நல்ல யோசனை! இந்தப் பஸிலை இருட்டில்லாத உலகில் கட்டவே முடியாது.

முடிவைப் பற்றி ஒரு பத்தி போதும். கடைசி ஈர்ப்புப் பஸிலில் சிறுவன் ஒரு கண்ணாடியை உடைத்துக்கொண்டு பறக்கிறான், காட்டில் விழித்தெழுகிறான், மரத்தடியில் ஒரு சிறுமி முதுகைக் காட்டி உட்கார்ந்திருக்கிறாள், அவன் நெருங்கும்போது நிமிர்கிறாள், முடிந்தது. தொடக்க மெனுவில் தெரிவதும் அதே இடம்தான், காலம் கடந்த தோற்றத்தில், ஈக்கள் மொய்த்துக்கொண்டு. இருவரும் ஏற்கெனவே செத்தவர்களா என்று பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறார்கள். ஆட்டத்தைத் தாங்குவது அந்த விடுகதை என்று எனக்குத் தோன்றவில்லை.

பின்னால் வந்தவர்கள்

லிம்போவுக்குப் பிறகு நிழலுருவ கேம்கள் வரிசைகட்டி வந்தன. பெரும்பாலானவை தோற்றத்தை எடுத்துக்கொண்டன, தோற்றம் செய்த வேலையை எடுத்துக்கொள்ளவில்லை. கறுப்பு மரங்கள், பனிமூட்டம், ஆனால் பஸில் மட்டும் எந்த கேமிலும் இருக்கும் பெட்டி தள்ளும் பஸில். பெயர் சொல்லி அடிக்கத் தேவையில்லை.

உண்மையான மறுமொழி பிளேடெட்டிடமிருந்தே 2016-இல் வந்தது: இன்சைட். அதிலும் ஒரு சிறுவன், வலப்பக்கம், இரண்டே செயல், எழுத்து இல்லை. ஆனால் இருட்டைத் திருப்பிப் போட்டுவிட்டார்கள். லிம்போவில் நமக்குத் தெரியாமல் இருப்பது ஆபத்து. இன்சைடில் நாம் தெரிவதுதான் ஆபத்து. டார்ச் வெளிச்சம், தேடுவிளக்கு, கேமரா. ஒரு கட்டத்தில் சுயநினைவில்லாத மனிதர்களின் அணிவகுப்புக்குள் சிறுவன் கலந்து, அவர்கள் நடக்கும்போது நடந்து, குதிக்கும்போது குதித்து, திரும்பும்போது திரும்ப வேண்டும். பட்டன் அதேதான். நடப்பதே பஸிலாகிவிட்டது. சிலந்திக் கட்டத்துக்கு நிகராக நான் வைக்கும் ஒரே கட்டம் அதுதான். ஆண்டர்சன் இதற்கு ஒரு மனித மண்டையோட்டின் வழியாக ஒலியைக் கடத்திப் பதிவுசெய்தார்.

ஸ்வீடனின் டார்சியர் ஸ்டுடியோ 2017-இல் தந்த லிட்டில் நைட்மேர்ஸ் வேறொன்றைக் காட்டுகிறது. படம் அபாரம், பயமும் அபாரம். ஆனால் அங்கே இடம் வலம் மட்டுமல்ல, திரையின் ஆழத்துக்குள்ளும் முன்னாலும் நகரலாம், அதனால் பலகையின் நடுவில் நிற்கிறோமா ஓரத்தில் நிற்கிறோமா என்று கண்ணுக்குத் தெரியாமல் விழுந்து சாக நேரும். அந்தச் சாவிலிருந்து கற்றுக்கொள்ள ஒன்றுமில்லை. லிம்போ தட்டையாக இருப்பது சிக்கனத்துக்காக என்று நினைத்திருந்தால், அதன் பயன் இங்கே புரியும்: எவ்வளவு இருட்டானாலும் தூரம் மட்டும் நம்மை ஏமாற்றுவதில்லை.

பிறகு கக்கூன், 2023. லிம்போவிலும் இன்சைடிலும் ஆட்ட வடிவமைப்பை நடத்திய யெப்பே கார்ல்சன் வெளியே வந்து தன் புதிய ஸ்டுடியோவில் செய்தது. மேலிருந்து பார்க்கும் கோணம், நிறைய வண்ணம், உலகத்துக்குள் உலகத்தை வைத்துத் தூக்கிப்போகும் பஸில்கள், இதிலும் எழுத்தே கிடையாது. சாவும் கிடையாது, பெரிய எதிரியிடம் அடிபட்டால் அந்த உலகத்திலிருந்து வெளியே தூக்கி எறியப்படுகிறோம், அவ்வளவுதான். லிம்போவைவிட நேர்த்தியான கேம் என்று தயங்காமல் சொல்லலாம். அதை ஆடிய எந்த நேரத்திலும் அடுத்த அடி எடுத்துவைக்க எனக்குத் தயக்கம் வந்ததில்லை. பஸிலுக்காக நிற்பது வேறு, பயந்து நிற்பது வேறு. லிம்போவில் இரண்டுக்கும் ஒரே நிற்றல்தான்.

இந்த வகை கேமுக்கு ஒரு தண்டனையும் உண்டு. இருட்டில் என்ன இருக்கிறது என்று தெரிந்த பின் இருட்டு இருட்டாக இருக்காது. இரண்டாம் முறை ஆடும்போது சிலந்தியின் கால் எங்கே, பொறி எந்த மரத்தில் என்று எல்லாம் தெரியும். வாக்த்ரூ, அதாவது கேமை எப்படி முடிப்பது என்று படிப்படியாகக் காட்டும் வழிகாட்டி, பார்த்து ஆடியவர்களுக்கு இந்தக் கதி முதல் முறையே வந்துவிடும்; இந்த கேமுக்கு அது விடைத்தாளைக் காட்டுவதைவிட மோசம், கேள்வியையே அழித்துவிடுகிறது. மறுபடி வருகிறவர்களுக்காக சில முட்டைகளை ஒளித்து வைத்திருக்கிறார்கள். முதல் முட்டை தொடக்கத்திலேயே இருக்கிறது, எல்லாரும் வலப்பக்கம் போகும்போது இடப்பக்கம் நடந்து பார்த்தவர்களுக்கு.

அதையும் தாண்டி எக்ஸ்பாக்ஸ் பதிப்பில் ஒரு சவால் உண்டு: ஒரே அமர்வில், ஐந்து சாவுக்கு மிகாமல், கேமை முடிக்க வேண்டும். பொறிகள் இருக்கும் இடம் மனப்பாடமாகத் தெரிந்தவருக்குத்தான் அது சாத்தியம். அதுவரை இலவசமாக இருந்த சாவுக்கு அங்கே முதல்முறையாக விலை வருகிறது. ஆறாவது முறை அந்த வெள்ளைப் புள்ளிகள் அணைந்தால் காட்டிலிருந்து மறுபடி நடக்க வேண்டும். கடைசித் தொழிற்சாலைக் கட்டங்களில், அரை நொடி பிந்தும் விரலால், பெரும்பாலும் அந்த ஆறாவது சாவு வந்து சேர்கிறது.